மைசூனின் ஒற்றைச் சக்கரம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பலகாரத் தட்டில் வந்தது. பெருநாள் கழிந்த வாரம் கீழ்வீட்டு மைசூன், பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட மஅமூலைத் தட்டு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். முதல் கடியில் பேரீச்சை. இரண்டாவது கடியில் கார் பெயிண்ட்.

"மணம் வருதா அக்கா?" என்றாள்.

"லேசா."

"வெள்ளி நிறந்தான். கறுப்பா இருந்தா இன்னும் மோசமா இருந்திருக்கும்."

இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்வி கேட்காமல் இருக்க என்னால் முடியாது. ஜோர்டானில் இந்த இர்பித் நகரத்துக்கு நான் குடியேறிப் பல வருடங்களாகின்றன. தொழிற்பேட்டையில் சட்டை தைக்கும் ஆலையில் மேற்பார்வை வேலை. மைசூனின் அப்பா கட்டிய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே நடந்தது எல்லாம் என் காதுக்கு வந்தது. பாதியைப் பால்கனியிலிருந்து கண்ணாலும் பார்த்தேன். எழுதட்டுமா என்று கேட்டபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"கதையில என்னை அழ வைக்காதீங்க. நான் அழல."

சரி என்று சொல்லிவிட்டுத் தொடங்கினேன்.

முதல் வரைவு: இர்பித் நகரத்தின் மீது இளங்காலை மெல்ல விரிந்தபோது மைசூன் சன்னலைத் திறந்து வானத்தை—

(இல்லை. அவள் வானத்தைப் பார்க்கவில்லை. படுக்கைக்குக் கீழே குனிந்து சக்கரம் இருக்கிறதா என்று பார்த்தாள்.)

இரண்டாவது வரைவு: பிள்ளைகள் மூன்று பேர், சக்கரங்கள் ஐந்து.

பள்ளிக்கூடத்துக் கணக்கு மாதிரி இருக்கிறது. ஆனால் பிரச்சினையே கணக்குதான். இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

பிள்ளைகள் மூன்று பேர், சக்கரங்கள் ஐந்து. மூத்தவன் ஹைதம், காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துச் சேதங்களைப் பார்வையிட்டு மதிப்புப் போடுகிறவன். நடுவில் மைசூன், பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பாவோடே இருந்தாள். இளையவன் ராதிப், சந்தைக்குப் பக்கத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறவன்.

அப்பா அபூ ஹைதம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தவர். அவருடைய சொந்த வண்டி பழைய ஜெர்மன் கார். ஐந்தும் அலாய் சக்கரங்கள். கடைசிக் காலத்தில் அவருக்கு வலது கண் மங்கிவிட்டது. அதை ஒப்புக்கொள்ளாமலே ஓட்டினார். இந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலது ஓரமாகப் போகும். வலது பக்கச் சக்கரங்கள் நடைபாதைக் கல்லில் உரசி உரசி, எலி கொறித்த ரொட்டி மாதிரி ஆயின. கேட்டால், "நான் நேராத்தான் போறேன். நகராட்சிக்காரன் கல்லைத் தள்ளித் தள்ளி வைக்கிறான்" என்பார். மிக மோசமாகக் கடிபட்ட ஒன்றைக் கழற்றி ஸ்டெப்னியாக டிக்கியில் போட்டு வைத்திருந்தார்.

(ஓரக்குறிப்பு: ஊருக்கே கற்றுக்கொடுத்தவர் மகளுக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. "ஊர் ஓட்டுற லட்சணம் எனக்குத் தெரியும்மா. அதுக்குள்ள உன்னை அனுப்ப மாட்டேன்" என்பது அவருடைய காரணம். மைசூன் ஊரின் மறுகோடியில், அவருக்குப் போட்டியாக இருந்த வாத்தியாரிடம் போய்க் கற்று லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அது கைப்பையில் தூங்கிக்கொண்டிருந்தது.)

அவர் இறந்த பிறகு வீட்டைப் பற்றிப் பேச்சே எழவில்லை. மைசூன் அதில் குடியிருக்கிறாள். அந்தப் பேச்சை எடுக்க அண்ணனுக்கும் வாய் வரவில்லை, தம்பிக்கும் வரவில்லை. அதனால் கோபம் முழுவதும் காரின் மேல் இறங்கியது. ஹைதம் விற்கலாம் என்றான், ராதிப் கூடாது என்றான். பிறகு ராதிப் சரி, விற்கலாம் என்றான். உடனே ஹைதம் கூடாது என்றான். பேச்சு முற்றி, அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் ராதிப் வெட்டிவிட்ட கடைசி முடியலங்காரம்வரை போனது.

"அப்பாவைப் பட்டாளத்துக்கு அனுப்புற மாதிரி ஒட்ட வெட்டி அனுப்பிட்டான்" என்றான் ஹைதம்.

"வெட்டவாவது நான் இருந்தேன். நீ எங்க இருந்தே?" என்றான் ராதிப்.

அன்றோடு இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். பஞ்சாயத்துக்கு வந்திருந்த தாய்மாமன் மிஃப்லிஹுக்குத் தலைவலி. ஆண்பிள்ளைக்கு இரண்டு பங்கு, பெண்பிள்ளைக்கு ஒன்று என்பதுதான் முறை. அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மொத்தம் அஞ்சு பங்கு. காருக்கு எத்தனை சக்கரம்? ஸ்டெப்னியோட அஞ்சு. பெரியவனுக்கு ரெண்டு, சின்னவனுக்கு ரெண்டு, புள்ளைக்கு ஒண்ணு. கழட்டி உருட்டிக்கிட்டுப் போங்க. என் உயிரை எடுக்காதீங்க."

அவர் கேலியாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஹைதம் ஒரு நொடி யோசித்து, "நியாயந்தான்" என்றான். ராதிப் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் மாமாவிடம், "எனக்கும் சம்மதம்னு சொல்லிடுங்க" என்றான். சாயங்கால அஸர் தொழுகைக்குள் கார் செங்கல் அடுக்கின் மேல் நின்றது. இடது பக்கத்து நல்ல சக்கரங்கள் இரண்டும் ஹைதமுக்கு, வலது பக்கத்துக் கடிபட்டவை இரண்டும் ராதிப்புக்கு. டிக்கியிலிருந்த அகோர ஸ்டெப்னி மைசூனுக்கு.

மாமா வாசலில் நின்று, "நான் சும்மா சொன்னேன்டா" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

3

இங்கேதான் எனக்குச் சிக்கல். மைசூன் அந்தச் சக்கரத்தைப் புதுப்பிக்க ஏன் உட்கார்ந்தாள்? கதை எழுதுகிறவள் என்கிற முறையில் நான் மூன்று காரணங்கள் தயார் செய்தேன். அப்பாவின் காயங்களை ஆற்றுவதுபோல— (அடித்துவிட்டேன்.) உடைந்த குடும்பத்தை ஒட்டவைக்கும்— (இதையும்.) மூன்றாவதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அவளிடமே கேட்டேன்.

"அசிங்கமா இருந்துச்சு" என்றாள். "பங்குன்னு ஒண்ணு கொடுத்தா பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா?"

அவ்வளவுதான். ஒரு பாத்திரம் தன் செயலுக்கு இத்தனை சின்னக் காரணம் வைத்திருந்தால், எழுதுகிறவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் பல்துலக்கும் பிரஷும் கொண்டு கழுவினாள். பிரேக் கரி இறங்கி மூன்று வாளித் தண்ணீர் மை மாதிரி ஓடியது. பிறகு உப்புத்தாள்: முதலில் சொரசொரப்பானது, அப்புறம் நைசானது, கடைசியில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் மிக நைசானது. பள்ளம் விழுந்த இடங்களில் பட்டி வைத்து, காயவிட்டு, மறுபடி தேய்த்தாள். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற இடத்தை விரல் ஏமாற்றுப் பேர்வழி என்று காட்டிக்கொடுக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தாள்.

டயரில் பெயிண்ட் படக்கூடாதே என்று, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் சீட்டுக்கட்டுச் சீட்டுகளை வரிசையாகச் செருகினாள். ராதிப் விட்டுப்போன கட்டு அது. ராஜாக்களும் ராணிகளும் இடுப்பளவு பெயிண்டில் நின்றார்கள். சுற்றிச் சுற்றிப் பூச வசதியாகச் சக்கரத்தை அப்பாவின் சுழல்நாற்காலியில் ஏற்றினாள். பூச்சு காயும்வரை தூசி படியாமல் இருக்க, பக்கங்களில் தலையணைகளை நிறுத்தி, அதன் மேல் ஒரு வெள்ளைத் துப்பட்டியைக் கூடாரம்போல் போர்த்தினாள்.

எதிர்வீட்டு உம்மு சுஃப்யான் துக்கம் விசாரிக்க வந்தது அந்த நேரத்தில். அவர் மகள் வீட்டுக்கு அக்கபாவுக்குப் போயிருந்ததால் தாமதம். கண்ணில் புரை, கூடம் வேறு திரை போட்டு இருட்டாக இருந்தது. மைசூன் காப்பி கொண்டுவர அடுக்களைக்குப் போனாள். திரும்பி வந்தபோது உம்மு சுஃப்யான் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அழக்கூடாது ஹாஜியம்மா. அவர் போய்ச் சேர்ந்த இடம் நல்ல இடம். நீங்க உடம்பைப் பார்த்துக்குங்க, ரொம்ப ஊதிப்போயிருக்கீங்க."

மைசூன் தட்டோடு நின்றாள். இது சக்கரம் என்று சொன்னால் அவர் வெட்கப்பட்டுப் போவார். சொல்லாவிட்டால் பதிலுக்குக் காத்திருப்பார். கடைசியில், "அத்தைக்குக் காது கேட்காது" என்றாள்.

"பாவம்" என்றார் உம்மு சுஃப்யான். குரலை உயர்த்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒருமுறை சொன்னார். போகும்போது துப்பட்டியின் மேல் பக்கத்தைத் தொட்டு ஆசீர்வதித்தார். கூடாரம் சரிந்து துணி பூச்சில் பட்டது. காய்ந்த பிறகு பார்த்தால் ஐந்து விரல் தடம். மைசூன் அந்த இடத்தைத் திரும்பத் தேய்த்துத் திரும்பப் பூசினாள்.

(சக்கரத்தின் நடு மூடியை ஓவனில் வைத்துக் காயவைத்தது, அது பிளாஸ்டிக் என்பதால் கடித்துத் துப்பிய மிட்டாய்போல் வெளியே வந்தது, அதே ஓவனில் பிறகு மஅமூல் சுட்டது எல்லாம் இந்த இடத்தில் வர வேண்டும். வேதியியல் ஆசிரியை இப்படிச் செய்வாளா என்று வாசகர் சந்தேகப்படுவார் என்பதால் விட்டுவிடலாம் என்று இருந்தேன். ஆனால் நடந்தது.)

கடைசியாக மேல்பூச்சு வார்னிஷ் அடித்து, காய்ந்ததும் சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவினாள். துப்பட்டி இல்லாமல் சக்கரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கடையிலிருந்து இறங்கியது போல. அவள் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

ஹைதம் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தான். சக்கரத்தைச் சுற்றி நடந்தான், குனிந்தான், நகத்தால் தட்டினான். தொழில் பழக்கம்.

"இது அஞ்சில் ஒரு பங்கு இல்ல" என்றான். "இதோட மதிப்பு ஏறிப்போச்சு. பங்கு கணக்கு கோணிருச்சு."

"அப்ப உன்னோடதையும் ஏத்திக்க."

"ஏத்தத்தான் போறேன்."

அவன் தன் நாலாவது மாடிப் பால்கனியில் இரண்டு சக்கரங்களுக்கும் பளபளக்கும் கறுப்பு அடித்தான். அன்றைக்குக் காற்று. மனைவி ருலா காயப்போட்ட வெள்ளைச் சட்டைகள் எல்லாவற்றிலும் கருஞ்சீரகம் தூவியது போலப் புள்ளி. அவன் அந்தச் சட்டைகளையே போட்டுக்கொண்டு அலுவலகம் போனான். கேட்டவர்களிடம் புது மாதிரித் துணி என்றான்.

செய்தி ராதிப்புக்கு எட்டியது. அவன் கடைக்குள்ளேயே வேலையைத் தொடங்கினான். பட்டியைச் சவரப் பிரஷால் பூசினான், முடி உலர்த்தும் கருவியால் காயவைத்தான். அவன் தேர்ந்தெடுத்தது பொன்னிறம். அந்த வாரம் அவனிடம் தாடி வழித்தவர்கள் கல்யாண மாப்பிள்ளைபோல் காதோரம் மினுங்கிக்கொண்டு வீடு போனார்கள்.

இருவரும் பேசிக்கொள்ளவில்லை, மைசூன் வழியாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"அவன்கிட்ட கேளு, பட்டி காயறதுக்கு முந்தியே தேய்ச்சானா, அப்புறமாவான்னு. கேட்கிறது நான்னு சொல்லாதே" என்பான் ஹைதம்.

"யாரு கேட்டது?" என்பான் ராதிப்.

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாதவங்ககிட்ட சொல்லு, அவசரப்பட்டா சுருங்கும்னு. அப்புறம் அந்த ஆளுக்கு இருமல் எப்படி இருக்காம்?"

வகுப்பில் கரைசல்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது இரண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். ஒருநாள் ஆசிரியர் அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எந்தச் செய்தியை யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையே மறந்துபோனாள். சொல்லாமல் விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

(இங்கே அவளை அழ வைக்க ஒரு நல்ல இடம் இருந்தது. தாண்டிப் போகிறேன்.)

5

ஒரு சனிக்கிழமை காலையில் அவள் சக்கரத்தைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போனாள். ஜாக்கியை முன்பக்க இடது மூலைக்கு அடியில் வைத்து, செங்கலை உருவி, சக்கரத்தை மாட்டி, போல்ட்டுகளை முறுக்கினாள். ஸ்பேனரின் மேல் ஏறி நின்று முறுக்கியதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். மூன்று மூலை செங்கல், ஒரு மூலை வெள்ளிச் சக்கரம். பிறகு கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். தேநீரை டாஷ்போர்டின் மேல் வைத்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு, இங்கே பள்ளி உண்டு. அன்றிலிருந்து பள்ளி விட்டதும் நேரே காருக்குள் வந்து உட்கார்ந்தாள். அங்கேயே விடைத்தாள் திருத்தினாள். தெருவில் போகிறவர்கள் சலாம் சொன்னார்கள். "எங்க போற மைசூன்?" என்று கேட்டவர்களுக்கு, "இப்பத்தான் வந்தேன்" என்றாள்.

ஹைதம் வந்தான்.

"ஊர் சிரிக்குது."

"சிரிக்கட்டும்."

"சீட்டை இன்னும் பங்கு போடல. நீ உட்கார்ந்திருக்கிறது பொதுச் சொத்துல."

"என் பங்குல மட்டுந்தான் உட்கார்ந்திருக்கேன். மிச்சம் காலியா இருக்கு பாரு."

அவன் குனிந்து பார்த்தான். "ஒரு பக்கம் தூக்கியிருக்கு. வண்டி முறுக்கிக்கும். யாரு மாட்டினது?"

"நான்தான்."

"போன் ஏன் எடுக்கல?"

"அதோ அவன் வர்றான். அவன்கிட்டயே கேளு."

தெருமுனையில் ராதிப் கடையைப் பூட்டிவிட்டு வந்துகொண்டிருந்தான். ஹைதம் எதிர்ப்பக்கமாக நடந்தான். ஆனால் மறுநாள் காரின் பின்பக்க இடது மூலையில் ஒரு கறுப்புச் சக்கரம் இருந்தது. அதற்கடுத்த நாள் முன்பக்க வலது மூலையில் ஒரு பொன்சக்கரம். யார் எப்போது வந்து மாட்டினார்கள் என்று மைசூன் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. செங்கல் அடுக்கு ஒன்றே ஒன்று மிஞ்சியது: பின்பக்க வலது.

6

இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தேன். வரைவில் இப்படி எழுதினேன்: கடைசிச் செங்கலின் இருபுறமும் நின்ற சகோதரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கண்கள் கலங்கின. இருவரும் கட்டித் தழுவி—

(தழுவவில்லை. இருவர் கையிலும் ஆளுக்கு ஒரு சக்கரம் இருந்தது.)

ஆமாம், இருவரும் ஒரே வெள்ளிக்கிழமை ஒரே நேரத்தில் தங்கள் இரண்டாவது சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இடம் ஒன்று, சக்கரம் இரண்டு. ஒன்று ஏறும், மற்றது டிக்கிக்குள் ஸ்டெப்னியாகப் போகும். தன் சக்கரம் இருட்டில் கிடக்க இருவருக்கும் மனமில்லை. மைசூன் காருக்குள் இருந்தாள். செய்தி கொண்டுபோக ஆளில்லை. கொஞ்ச நேரம் இருவரும் செங்கலைப் பார்த்துப் பேசினார்கள்.

"பின்னாடி ரெண்டும் ஒரே நிறமா இருந்தாத்தான் பார்க்க மரியாதை" என்றான் ஹைதம் செங்கலிடம்.

"வலது பக்கம் என் பங்கு. வலது பக்கம் முழுக்க ஒரே நிறமா இருக்கணும்" என்றான் ராதிப்.

"உன் பொன்னு ஒரு மழை தாங்காது."

"உன் சட்டையில இருக்கிற அளவுக்குச் சக்கரத்துல கறுப்பு இருக்கா?"

ஹைதம் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். பல மாதங்களுக்குப் பிறகு தம்பி அவனிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

"நீ வழிச்சுவிட்ட ஆளுங்க எல்லாம் நகைக்கடை மாதிரி திரியறாங்க. அதைப் பாரு முதல்ல."

"அப்பாவோட தலையைத்தானே இன்னும் பேசிக்கிட்டிருக்கே? அவருதான் ஒட்ட வெட்டச் சொன்னாரு. தலையணையில அரிக்குதுன்னாரு."

ஹைதம் கையிலிருந்த சக்கரத்தைச் சுவரில் சாய்த்தான். "அதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீ எங்க கேட்டே?"

பிறகு இருவரும் உண்மையிலேயே கத்தத் தொடங்கினார்கள். மிஃப்லிஹ் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர், "நான் வீட்ல இல்லைன்னு சொல்லு" என்று வீட்டிலிருந்தே கத்தியது தெரு முழுவதும் கேட்டது. இரண்டு சக்கரங்களும் சுவரில் சாய்ந்து நின்றன. மைசூன் இறங்கினாள். ஜாக்கியை வைத்தாள். செங்கலை உருவினாள். சுவரில் சாய்ந்திருந்தவற்றில் ஒன்றை உருட்டிவந்து மாட்டி, ஸ்பேனரில் ஏறி நின்று முறுக்கினாள். அவர்கள் நிறுத்தவில்லை, அப்பாவைப் பார்த்த மருத்துவரைப் பற்றிய சண்டைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அவள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். பேட்டரி செத்திருந்தது. தலையை வெளியே நீட்டினாள்.

"தள்ளுங்க."

இருவரும் பேச்சைப் பாதியில் விட்டுப் பின்னால் வந்து, தோளோடு தோள் முட்டி, தள்ளினார்கள். தள்ளிக்கொண்டே சண்டை போட்டார்கள். தெரு கீழ்நோக்கிச் சரியும் தெரு. வண்டி உருண்டது; இரண்டாவது கியரில் அவள் கிளட்சை விட்டாள்; ஒரு உதறல், ஒரு இருமல், எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"நிறுத்து, ஸ்டெப்னி வெளிய கிடக்கு" என்று ராதிப் கத்தினான்.

"லைசென்ஸ் இருக்கா உனக்கு?" என்று ஹைதம் கத்தினான்.

கையை வெளியே நீட்டி, வலது பக்கம் திரும்பும் சைகையை அழகாகக் காட்டிவிட்டு மைசூன் திரும்பினாள்.

7

நான்காவது மூலையில் எந்த நிறம் ஏறியது? கறுப்பா, பொன்னா?

இந்த ஒரு வரிக்காகவே ஹைதம் மாடி ஏறி வந்தான். உண்மையை எழுதுங்கள் என்றான். உண்மை எது என்றும் சொன்னான். ராதிப் வரவில்லை, எனக்கு இலவசமாக முடி வெட்டிவிடுவதாகச் சொல்லி அனுப்பினான், இந்த முறை அண்ணன் வழியாகவே. மைசூனிடம் கேட்டேன். "கைக்குக் கிட்ட எது இருந்ததோ அது" என்றாள். எங்கே போனாய் என்று கேட்டதற்கும் இதே மாதிரி ஒரு பதில்தான். சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து, வலது பக்கம் தெரியாதபடி சுவரோடு ஒட்டி நிறுத்தினாள், சாவியை ஆணியில் மாட்டாமல் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

கறுப்பு என்று எழுதினால் மூத்தவன் ஜெயித்த கதை. பொன் என்று எழுதினால் இளையவன் அழுது வாங்கிய கதை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் மைசூன் காணாமல் போனாள். ஆகவே அந்த இடத்தை நான் பூசவில்லை. நீங்கள் எந்த வீட்டில் காப்பி குடிக்க ஆசைப்படுகிறீர்களோ அந்த நிறத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பால்கனியிலிருந்து பார்த்திருப்பாளே என்று நீங்கள் கேட்கலாம். எட்டிப் பார்த்தேன். அதற்குள் கார் திருப்பத்தில் மறைந்துவிட்டது. மிஞ்சிய சக்கரத்தை அவர்கள் சுவர் நிழலில் படுக்கப்போட்டு, அதன் மேல் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு சக்கரத்தில் இரண்டு தடித்த ஆண்கள்; என்ன நிறம் என்று எப்படித் தெரியும்?

"கொஞ்சம் தள்ளி உட்காரு" என்றான் ஒருவன்.

"எங்க தள்ளுறது?" என்றான் மற்றவன்.